நடக்கும் உரிமையும் நடை பயிற்றும் பொறியும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசு பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பக்கவாதத்தால் நடை இழந்தோர்க்கு ரோபோ எனப்படும் தானியங்கிப் பொறியின் துணையால் நடை பயிற்றுவது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். மருத்துவர் பேச வேண்டிய பொருளைப் பள்ளியாசிரியரிடம் ஒப்படைப்பானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயினும் பொருளைப் பயிலப் பயில, இது பெரிதும் கற்றலைப் பற்றிய செய்தி என்பது விளங்கிற்று. மறந்துபோன பாடம் ஒன்றை மூளை மீண்டும் கற்பதே இச்சிகிச்சையின் உயிர்நிலை. கற்பித்தல் நம் தொழில்; ஆதலின் துணிந்து வந்தோம்.

அன்பர்களே! நடை என்பது நம் மக்களுக்கு வெறும் உடற்செயல் அன்று. கோயில் சூழ்ந்த வீதிகளிலும் ஊரின் பொதுவழிகளிலும் நம் முன்னோர் கால் வைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் தோன்றிய இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார்கள். பொதுச்சாலை, தெரு, கிணறு, பொது இடம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அது நிறைவேறி அரசாணையும் ஆயிற்று. நூறாண்டு கடந்துவிட்டது. இன்று காஞ்சியின் நான்கு ராஜ வீதிகளிலும் நம் பிள்ளைகள் புத்தகப் பையுடன் தலை நிமிர்ந்து செல்வதைக் காண்கின்றோம். ஆனால் சட்டம் திறந்துவிட்ட தெருவில் இறங்கக் கால் எழாமற் போனவர்க்கு அவ்வுரிமையால் ஆவதென்ன? இக்கேள்வியே இன்றைய பேச்சின் அடிப்படை.

முதலில் நோயை அறிவோம். நம் ஊர்களில் ‘கை கால் விழுந்துவிட்டது’ என்பர். உண்மையில் கேடு நேர்ந்தது கையிலும் அன்று, காலிலும் அன்று, மூளையில். மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் ஒன்று இரத்தக் கட்டியால் அடைபடலாம். அல்லது வெடித்துக் கசியலாம். அப்பகுதியிலுள்ள நரம்பணுக்கள் சிறிது நேரத்தில் மாளத் தொடங்கும். இடப்பக்க மூளை வலப்பக்க உடலையும், வலப்பக்க மூளை இடப்பக்க உடலையும் ஆள்வதால், கேடு ஒருபுறம் நேர மறுபுறம் தளர்கிறது. காலின் எலும்பும் தசையும் முன்போலவே இருக்கின்றன. ஏவுகின்ற கட்டளைதான் வந்து சேர்வதில்லை. பள்ளியில் மணி தொங்குகிறது, அடிக்கும் சுத்தியலும் இருக்கிறது. அடிக்க வேண்டிய ஆள் வரவில்லை என்றால் எப்படியோ, அப்படி.

அடைப்பினால் வந்த வாதமாயின், தக்கவர்களுக்கு முதல் நாலரை மணி நேரத்திற்குள் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஊசி வழியே செலுத்தலாம். அடைப்பா கசிவா என்பதைத் தலையை ஸ்கேன் எடுத்தே அறிய இயலும். ஆகவே வாய் ஒருபுறம் கோணினாலும், தூக்கிய கை ஒன்று தானாகத் தாழ்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் அக்கணமே 108-ஐ அழைக்க வேண்டும். வாயு பிடித்தது என்று எண்ணெய் தேய்ப்பதும், புறாவின் இரத்தம் பூசுவதும் அந்தப் பொன்னான நேரத்தை விழுங்கிவிடும். வாதத்திற்குப் பெருங்காரணம் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம். அது வலிப்பதில்லை, ஆதலின் வாழ்நாள் முழுதும் அதனை அளந்து பாராதோர் நம்மில் பலர்.

உயிர் பிழைத்த பின் தொடங்குவது கற்றல். மாண்ட நரம்பணுக்கள் மீள்வதில்லை. ஆனால் மூளையின் மற்றப் பகுதிகள் அவற்றின் வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்ள வல்லவை. புதிய இணைப்புகள் உண்டாக வல்லவை. அதற்கு ஒரே வழி, செய்ய வேண்டிய செயலையே மீண்டும் மீண்டும் செய்வது. நம் நெசவாளத் தோழர்கள் இதனை எளிதில் உணர்வர். குழித்தறியில் முதன்முதல் அமரும் சிறுவன் தன் பாதத்தையே குனிந்து பார்க்கிறான். எந்த மிதியை எப்போது அழுத்துவது என்று தடுமாறுகிறான். ஆயிரம் முறை மிதித்த பின் அவன் கண் பாவின்மேல் இருக்கிறது. கால் தானே அறிந்து மிதிக்கிறது. வாதம் வந்தவரின் காலும் அச்சிறுவனின் காலே. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழி இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை.

ஆனால் ஓர் இடர் உண்டு. நிற்கவே இயலாதவரை எப்படி ஆயிரம் அடி நடக்க வைப்பது? ஒருவர் இடுப்பைத் தாங்க வேண்டும். ஒருவர் குனிந்து அமர்ந்து தளர்ந்த காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். சிலபோது மூன்றாமவரும் வேண்டும். சிறிது நேரத்தில் பயிற்றுவோரின் முதுகு வலித்துவிடும். வெளியே இன்னும் பலர் காத்திருப்பர். ஆசிரியர் களைத்துப்போவதால் மாணவர்க்குப் பாடம் குறையும் நிலை இது.

இவ்விடரைத் தீர்க்கவே நடைப்பயிற்சிப் பொறிகள் தோன்றின. சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரில், பால்கிரிஸ்ட் மருத்துவமனையுடன் இணைந்து ஹோக்கோமா என்னும் நிறுவனத்தார் உருவாக்கிய ‘லோக்கோமேட்’ அவற்றுள் புகழ் பெற்றது. நோயாளியைக் கச்சையால் பிணைத்து மேலிருந்து தாங்குவர். அதனால் உடலின் எடையில் ஒரு பகுதியே காலில் இறங்கும். கீழே நகரும் பட்டை. தொடையிலும் காலிலும் கட்டிய சட்டங்களை, இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் அமைந்த மோட்டார்கள் நடையின் ஒழுங்கில் இயக்கும். ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஸ்டெஃபான் ஹெஸ்ஸே என்னும் மருத்துவரும் குழுவினரும் மற்றொரு வழியைக் கண்டனர். அதில் பாதங்கள் இரு பலகைகளின்மேல் நிற்கும்; பலகைகளே நடப்பது போல் முன்னும் பின்னும் செல்லும். எவ்வகையாயினும் நோக்கம் ஒன்றே: பயிற்றுவோர் களைக்காமல், நோயாளி விழுந்துவிடாமல், ஒரே அமர்வில் பல நூறு அடிகள்.

இங்கே ஆசிரியர் என்ற முறையில் ஒன்றை அழுத்திக் கூறுவோம். பொறி இழுத்த இழுப்பிற்குக் காலை விட்டுவிட்டு ஒருவர் சும்மா தொங்கினால், மாணவன் கையைப் பிடித்து ஆசிரியரே எழுதிய கதையாகும். எழுத்து அழகாக விழும், மாணவன் கற்றிருக்கமாட்டான். நோயாளி தானே முயல வேண்டும். முயற்சி பெருகப் பெருகப் பொறி தன் உதவியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எப்போது எவ்வளவு குறைப்பது என்று முடிவு செய்ய, அருகில் பயிற்சி பெற்ற மனிதர் ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

இனி, இப்பொருள் நம் சமுதாயத்தோடு நேராகத் தொடர்புறும் இடத்திற்கு வருவோம். 2015-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கேரளத்துக் கோழிக்கோட்டில், பாதாளச் சாக்கடைக் குழியில் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவர் நச்சுக்காற்றால் மயங்கினர். அவர்களைக் காக்கப் பாய்ந்த நௌஷாத் என்னும் ஆட்டோ ஓட்டுநரும் அவர்களோடு மாண்டார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இலேயே இயற்றப்பட்டிருந்தும் நேர்ந்த சாவு அது. இத்தகைய குழிகளில் இறங்கி மாள்வோரில் பெரும்பாலோர் எவர் என்பதை இந்த அவையில் நாம் விளக்க வேண்டுவதில்லை.

அச்செய்தி, குட்டிப்புறத்துப் பொறியியல் கல்லூரியில் பயின்ற விமல் கோவிந்த், அருண் ஜார்ஜ், நிகில், ரஷீத் என்னும் நான்கு இளைஞரை உலுக்கிற்று. குழிக்குள் மனிதனுக்கு மாற்றாக இறங்கும் ‘பேண்டிகூட்’ என்னும் ரோபோவை அவர்கள் படைத்தனர். 2018-இல் திருவனந்தபுரத்தில் அது பணிக்கு வந்தது. அதே ஆண்டில் நம் தமிழகத்துக் கும்பகோணத்திற்கும் வந்தது. பொறியின் கைகள் கீழே கழிவை அள்ள, தொழிலாளி மேலே நின்று திரையைப் பார்த்து அதனை இயக்குகிறார்.

அவர்களுடைய ‘ஜென்ரோபோட்டிக்ஸ்’ நிறுவனமே பின்னர் ‘ஜி-கெய்ட்டர்’ என்னும் நடைப்பயிற்சிப் பொறியையும் உருவாக்கியது. பக்கவாதம், தண்டுவடக் காயம் முதலியவற்றால் நடை இழந்தோர்க்கு உரியது அது. கேரளத்தில் தனியார் மருத்துவமனையில் மட்டுமன்றித் திருவனந்தபுரத்து அரசுப் பொது மருத்துவமனையிலும் அது நிறுவப்பட்டது. குழியில் இறங்கும் மனிதனை மேலே நிறுத்த எண்ணிய அதே அறிவு, படுக்கையில் வீழ்ந்த மனிதனை எழுப்பி நிறுத்தவும் பயன்பட்டது. பொறி என்றவுடன் நம் கூலியைப் பறிக்க வந்தது என்றே அஞ்சுகிறோம். அவ்வச்சத்திற்குக் காரணமும் உண்டு. ஆயினும் யாருடைய துன்பத்தைக் கண்டு ஒரு பொறி படைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது யாருக்கு உதவும் என்பது அமைகிறது.

பொறியின் பயன் எத்தகையது? மிகைப்படுத்தாமல் கூறுவோம். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை 2020-இல் வெளியாயிற்று. 62 ஆய்வுகள், 2,440 நோயாளிகள். வழக்கமான இயன்முறைப் பயிற்சியுடன் பொறிப் பயிற்சியும் சேர்ந்தால், பிறர் துணையின்றி நடப்போர் தொகை கூடுகிறது என்பது அதன் முடிவு. எட்டுப் பேர்க்கு இவ்வாறு அளித்தால் ஒருவர் கூடுதலாகத் தம் காலில் நடப்பர் என்பது கணக்கு. வாதம் வந்து மூன்று மாதத்திற்குள் இருப்போர்க்கும், தொடக்கத்தில் அறவே நடக்க இயலாதோர்க்குமே பயன் மிகுதி. ஓரளவு நடக்க வல்லவர்க்கு மனிதப் பயிற்சியே மேலாகவும் அமையலாம். 2009-இல் அமெரிக்காவில் 63 பேரிடம் நடந்த ஆய்வில், பொறியில் பயின்றோரைவிடப் பயிற்சியாளரிடம் பயின்றோரே வேகத்திலும் தூரத்திலும் முந்தினர். ஆகவே இப்பொறி மாயக்கோல் அன்று. தக்க நேரத்தில், தக்கவர்க்கு, தக்கவரின் மேற்பார்வையில் அளித்தால் மட்டுமே அது பயன் தரும்.

‘தக்க நேரத்தில்’ என்ற சொல் நம் மக்களுக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை ஒரு வீட்டு நிகழ்ச்சியால் கூறுகிறோம். நாம் பணியாற்றிய பள்ளியொன்றில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி; பெயர் வேண்டா. தந்தை கூலிக்குப் பட்டு நெய்பவர், வயது நாற்பத்தேழு. ஒருநாள் விடியலில் தறிக்குழியிலிருந்து எழ முயன்றவர்க்கு வலக்கால் எழவில்லை. எண்ணெய் தேய்த்து நண்பகல்வரை காத்திருந்தனர். மருத்துவமனை சேர்ந்தபோது நாலரை மணி கடந்திருந்தது. பத்து நாளில் வீடு திரும்பினார். வாரம் மும்முறை பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். ஆட்டோவுக்கே ஒருநாள் கூலி; உடன் செல்பவர்க்கு ஒருநாள் கூலி இழப்பு. நான்காம் முறையோடு நின்றுவிட்டது. தாய் பிறர் வீட்டுத் தறிக்குப் போக, தந்தையைத் தூக்கி அமர்த்த மகள் வீட்டில் நின்றாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே விடுப்புக் குறிகள் பக்கம் பக்கமாக நீண்டன.

ஆசிரியர்களும் இச்சங்கத்து இளைஞர்களும் முறைவைத்து அவ்வீட்டிற்குச் சென்றதால் அவள் தேர்வு எழுதினாள், தேறினாள். தந்தை கோலூன்றி வாசல்வரை வருகிறார். தறிக்குழியில் மீண்டும் இறங்கவில்லை. அம்மூன்று மாதங்களில் பயிற்சி முறையாகக் கிடைத்திருந்தால் இறங்கியிருப்பாரா என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆனால் அவ்வாய்ப்பே அவருக்கு அளிக்கப்படவில்லை என்பதை உறுதியாகக் கூறலாம். பணம் படைத்த வீட்டில் பக்கவாதம் ஒருவரைப் படுக்க வைக்கிறது. நம் வீட்டில் அது பள்ளி செல்லும் பிள்ளையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. கல்விச் சங்கத்தின் மேடையில் இப்பொருளைப் பேசுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

வீட்டாரே பயிற்சி அளித்துவிட்டால் என்ன என்று வினவலாம். நம் நாட்டிலேயே இதனை ஆராய்ந்தனர். 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். முடிவு 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. குடும்பத்தார்க்குப் பயிற்சி முறைகளைக் கற்பித்து அனுப்பியும், ஆறு மாதத்தின் பின் சாவிலோ பிறரைச் சார்ந்திருத்தலிலோ வேறுபாடு காணப்படவில்லை. மற்றொருபுறம், 2011-இல் அமெரிக்காவில் 408 பேரிடம் நடந்த ஆய்வொன்று உண்டு. உடலைத் தாங்கிப் பட்டையில் நடத்தும் பயிற்சியும், இயன்முறை மருத்துவர் வீட்டிற்கே வந்து அளித்த பயிற்சியும் ஓராண்டு முடிவில் நடையில் சமமான முன்னேற்றத்தையே தந்தன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் நமக்கு விளங்குவது இது: அன்பு வேண்டும், ஆனால் அன்பு மட்டும் போதாது, பொறி நல்லது, ஆனால் பொறி இல்லாத இடத்தும் வழி உண்டு. இரண்டிடத்தும் இன்றியமையாதவர் பயிற்சி பெற்ற மனிதர்.

அத்தகைய மனிதர் ஒருவரை நம் அண்டை நகரான வேலூர் கண்டது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954-இல் ஒரு வண்டி விபத்தில் தண்டுவடம் முறிந்து இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து அத்துறையை நிறுவினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தம்மால் நடக்க இயலாத அம்மையார், நூற்றுக்கணக்கானோர் மீண்டும் வாழக் கற்பதற்கு வழி திறந்தார். இன்று அதே கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து, வாதத்தால் செயலிழந்த கையைப் பயிற்றும் ‘புளூட்டோ’ என்னும் சிறு ரோபோவை உருவாக்கியுள்ளன. நாடா எறியும் கைக்கும் அறிவியல் நம்பிக்கை தருகிறது.

ஆதலின் இவ்வெள்ளி விழாவில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம்.

முதலாவது, நம் ஒவ்வொரு குடியிருப்பிலும் முப்பது வயது கடந்த அனைவர்க்கும் இரத்த அழுத்தம் அளந்து பார்க்கப்பட வேண்டும். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்த மாத்திரையோடு இயன்முறைப் பயிற்சியும் வீடு தேடி வர வழி செய்யப்பட்டது. அரசு வாசலுக்குக் கொணரும் உதவியைக் கேட்டுப் பெறுதல் இரத்தல் ஆகாது. அது குடிமக்களின் உரிமை. யார் வீட்டில் வாதம் கண்டவர் உளர், யாருக்குப் பயிற்சி நின்றுபோயிற்று என்னும் பட்டியலைச் சங்கத்து இளைஞர்கள் தெருத்தெருவாக எடுக்க வேண்டும்.

இரண்டாவது, நம் மாவட்டத்தாரும் அண்டை மாவட்டத்தாரும் எளிதில் சென்றடையும் அரசு மருத்துவமனை ஒன்றில் நடைப்பயிற்சிப் பொறி நிறுவப்பட வேண்டும். இறக்குமதிப் பொறியின் விலை கோடியைத் தொடும். ஆனால் நம் நாட்டிலேயே செய்யப்படும் பொறி அண்டை மாநிலத்து அரசு மருத்துவமனைக்கு வந்துள்ளபோது நம் வேண்டுகோள் மிகையாகாது. பொறியை மட்டும் கேட்பது அரைகுறைக் கோரிக்கை. அதனை இயக்கும் இயன்முறை மருத்துவர் பணியிடமும், நோயாளி வந்துசெல்ல ஊர்தியும் சேர்த்தே கேட்க வேண்டும். ஊர்தி இல்லையேல், முன் சொன்ன நெசவாளர் நான்காம் முறையோடு நின்றது போலவே இனி வருவோரும் நிற்பர்.

மூன்றாவதே சங்கத்தின் நேரடிக் கடமை. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயிலும் நம் மாணவர்க்கு மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டு வாசல்களே தெரிகின்றன. இயன்முறை மருத்துவம் என்னும் வாசல் இருப்பதைச் சொல்லுவார் இல்லை. அப்படிப்பு எதிர்காலமுள்ள படிப்பு. அரசின் கல்வி உதவித்தொகையும் ஆதிதிராவிட மாணவர்க்கு உண்டு. விழா நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுதோறும் நம் பிள்ளைகளில் இருவரையேனும் அப்படிப்பிற்கு அனுப்பி, முடிக்கும்வரை உடன் நிற்போமாக. வேறொருவர் தானியங்கிப் பொறிகளைப் படைக்கும் பொறியியலைப் பயிலட்டும். குழியில் இறங்குவோரின் துன்பத்தை அயலார் கண்டு ஒரு பொறி படைத்தனர், அவர்களைப் போற்றுகிறோம். அத்துன்பத்தை வீட்டிலேயே அறிந்த பிள்ளைகள் பொறி படைக்கும் நாளும் வர வேண்டும்.

இச்சங்கம் தொடங்கிய நாளில், எழுத்தறியாத தாய்மார்க்கு மாலை வகுப்பு நடந்தது. முதியவர் ஒருவர் கையெழுத்திடக் கற்க ஆறு மாதம் ஆயிற்று என்று மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ‘இந்த வயதில் எங்கே வரப்போகிறது’ என்று எவரும் அவரை எழுப்பி அனுப்பவில்லை. நடை இழந்தவரிடமும் நாம் அந்தப் பொறுமையோடுதான் நடந்துகொள்ள வேண்டும். கற்கும் ஆற்றல் மனித மூளையை விட்டு எளிதில் நீங்குவதில்லை. கற்பிக்க ஆளும், கற்க நேரமும் கொடுப்பது நம் பொறுப்பு.